கைட் பலகையில் கால் அகலமும் பாதக் கோணமும்: முழங்கால் வலித்தால் எதை முதலில் மாற்றுவது?

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் கைட்போர்டிங் (கைட் என்னும் பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று நீரில் ஓடும் விளையாட்டு) செய்யும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய உயரம் 165 செ.மீ. வேறொருவர் ஓட்டிய 138 செ.மீ. பலகையை வாங்கி, அதில் பேட்கள் (பாதம் வைக்கும் நுரை மெத்தைகள்) எப்படிப் பூட்டியிருந்தனவோ அப்படியே ஓட்டி வருகிறார். பேட்கள் இரண்டும் கடைசித் துளைகளில் இருக்கின்றன. ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 58 செ.மீ.; விரல்கள் வெளிப்பக்கம் திரும்பும் கோணம் இரண்டு பக்கமும் 18 டிகிரி. பங்குனி, சித்திரை மாலைகளில் தென்காற்றில் ஒரு மணி நேரம் ஓட்டினால், கரைக்குத் திரும்பும் ஓட்டத்தில் மட்டும் வலது முழங்காலின் உட்புறம் வலிக்கிறது. கோணத்தை இன்னும் விரித்தால் சரியாகிவிடும் என்று உடன் ஓட்டுபவர்கள் சொல்கிறார்களாம். காலணி போலக் கணுக்காலையும் சேர்த்துப் பிடிக்கும் பூட்ஸ் பைண்டிங் வாங்கிப் போட்டால் கால் அசையாமல் இருக்குமே, வலி குறையுமா என்றும் கேட்கிறார்.

கோணத்தை விரிக்க வேண்டாம் என்பதே என் பதில். முதலில் அகலத்தைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் வலி மிச்சமிருந்தால் கோணத்தையும் சற்றுக் குறையுங்கள். பூட்ஸ் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். இதற்கான காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன், இந்த வலி பலகையால் வந்த வலிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏதாவது ஒரு விழுதலின்போது முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தமோ உணர்வோ வந்து, சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கியிருந்தாலும், படி இறங்கும்போது கால் நழுவுவது போல மூட்டு விட்டுக்கொடுத்தாலும், மடக்கிய காலை நீட்ட முடியாமல் நடுவில் சிக்கிக்கொண்டாலும், அது தசைநாரிலோ மூட்டுச் சவ்விலோ ஏற்பட்ட கிழிசலாக இருக்கக்கூடும். அந்த நிலையில் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்கும் வரை கடலில் இறங்கக் கூடாது. நண்பர் சொல்வது அப்படிப்பட்ட வலி அல்ல. ஓட்ட ஓட்டக் கூடி, ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் அடங்கிவிடும் வலி. அது பெரும்பாலும் பலகையில் நிற்கும் விதத்தால் வருவது.

முழங்கால் முக்கியமாக மடங்கி நீள்வதற்கான மூட்டு. முழுதாக நீட்டிய நிலையில் அது பக்கவாட்டில் ஏறக்குறையத் திரும்பவே திரும்பாது. மடங்கிய நிலையில் ஓரளவு திரும்பும். இடுப்பும் கணுக்காலும் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டிய திருகலை அவை ஏற்க முடியாமல் போனால், இடையில் இருக்கும் முழங்கால்தான் அதைச் சுமக்கிறது. கைட் பலகையில் பாதம் பேட்டின் மீது ஒரே கோணத்தில் நிலைத்துவிடுகிறது. காற்றை எதிர்த்து ஏறும்போது, அதாவது காற்று வரும் பக்கமாகச் சாய்வாக முன்னேறும்போது, முன்கால் ஓரளவு நீண்டிருக்க, பின்கால் நன்றாக மடங்கி உடலின் எடையையும் கைட்டின் இழுப்பையும் தாங்குகிறது. போகும் திசையைப் பார்ப்பதற்காக ஓட்டுபவர் தோளையும் இடுப்பையும் முன்பக்கம் திருப்புகிறார். முன்காலின் விரல்கள் போகும் திசைப் பக்கமாகத் திறந்திருப்பதால் அந்தக் காலுக்கு இது இதமாகவே இருக்கும். பின்காலின் நிலைமை நேர்மாறானது. அதன் விரல்கள் பலகையின் பின்முனையைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. இடுப்போ முன்னால் இழுக்கிறது. பாதம் வெளியே போக, முழங்கால் உள்ளே சரிகிறது. மூட்டின் உட்புறத் தசைநார் இழுபட்டு வலிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

ஆகவே கோணம் என்பது முன்காலும் பின்காலும் தமக்குள் செய்துகொள்ளும் ஓர் உடன்பாடு. அதை விரித்தால் முன்கால் மகிழும், பின்கால் தவிக்கும். ஒடுக்கினால் பின்கால் தேறும், முன்காலின் இடுப்பு இறுகும். கோணத்தை விரிக்கச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு முன்காலில் இருந்த இறுக்கம் அப்படித்தான் தளர்ந்திருக்கும். உங்கள் வலி பின்காலில் இருக்கிறது என்பதை மட்டும் அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

பின்கால்தான் வலிக்கிறது என்பதை எப்படிச் சொல்கிறேன் என்றால், நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. தென்காற்றில் ஓட்டுபவர் காற்றுக்கு முதுகு காட்டி, குதிகாலால் பலகையின் விளிம்பை அழுத்தி, வடக்கே பார்த்து நிற்கிறார். கடலுக்குள் போகும்போது அவருக்கு வலக்கால் முன்கால். கரைக்குத் திரும்பும்போது இடக்கால் முன்னே வந்து வலக்கால் பின்காலாகிவிடுகிறது. கேள்வியில் உள்ள வலி கரைக்குத் திரும்பும்போது மட்டும், வலக்காலில் மட்டும் வருகிறது. அதே வலக்கால் முன்காலாக இருக்கும்போது வலிக்கவில்லை. கடலுக்குள் போகையில் பின்காலாக உழைக்கும் இடக்காலும் வலிக்கவில்லை. எனவே பின்காலாக இருப்பது பாதிக் காரணம். இடக்காலுக்கும் வலக்காலுக்கும் உள்ள இயல்பான வேற்றுமை மீதிக் காரணம். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது எல்லாம் தலைகீழாகும். கடலுக்குள் போகும் ஓட்டத்தில்தான் வலக்கால் பின்னே இருக்கும். அப்போது வலி வெளியே போகும் ஓட்டத்துக்கு மாறினால், என் ஊகம் சரி என்று வைத்துக்கொள்ளலாம். வாடைக் காலம் வரை காத்திருக்கத் தேவையில்லை, அதற்கு முன்பே கண்டுபிடிக்க வழிகள் உண்டு.

முதல் சாட்சி பேட் தான். பாதத்தின் மேல் வரும் வாரை (ஸ்டிராப்) ஒதுக்கிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பேட்டின் குதிகால் குழியைப் பாருங்கள். குழியின் நடுவில் நுரைப்பரப்பு மழுங்கி வழவழப்பாகியிருந்தால், பாதம் பூட்டிய கோணத்திலேயே நின்றிருக்கிறது. மழுங்கல் குழியின் ஓர் ஓரத்தில் மட்டும் இருந்தாலோ, பெருவிரல் மேட்டின் தடம் பேட்டின் மேட்டோடு பொருந்தாமல் பக்கத்தில் விழுந்திருந்தாலோ, உங்கள் கால் உள்ளுக்குள் நகர்ந்து தனக்குப் பிடித்த கோணத்தைத் தேடியிருக்கிறது என்று பொருள். ஸ்டிராப்பின் அடியில் ஒரு பக்கம் மட்டும் மணல் இறுகியிருப்பதும் இதையே காட்டும். முன்னவர் ஓட்டிய பலகையில் பழைய தடமும் கலந்திருக்கும் என்பதால், பேட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இரண்டு மூன்று முறை ஓட்டிய பிறகு பார்ப்பது நல்லது.

இரண்டாவது சாட்சி ஈரக் காலடி. சிமெண்டுத் தரையில் காலை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே சில அடிகள் நடை போட்டு நின்றுவிடுங்கள். தடம் காய்வதற்குள் ஒவ்வொரு பாதத்துக்கும் குதிகாலின் நடுவிலிருந்து இரண்டாவது விரல் வரை சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, முகம் பார்த்த நேர்க்கோட்டிலிருந்து அது எத்தனை டிகிரி விலகுகிறது என்று பிள்ளைகளின் கோணமானியால் அளந்துகொள்ளுங்கள். பலகையில் 0 டிகிரி என்பது பலகையின் நீளத்துக்குச் செங்குத்தாகப் பாதம் நிற்பது. ஆகவே தரையில் அளக்கும் டிகிரியும் பேட்டின் டிகிரியும் ஒரே கணக்குதான். பலருக்கு இடதும் வலதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நண்பரின் வலப் பாதம் இடப் பாதத்தைவிட நேராக நிற்கும் என்பது என் எதிர்பார்ப்பு. அதே தரையில், நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான முறையில், குதிகால் தூக்காமல் குந்தியும் பாருங்கள். குந்தும்போது பாதம் தானாக எந்த அளவுக்கு விரிகிறதோ அதுவே உங்கள் மேல் எல்லை. அதைத் தாண்டிய கோணத்தில் பேட்டைப் பூட்டக் கூடாது. நடையின் அளவுக்கும் குந்தலின் அளவுக்கும் இடைப்பட்ட எண்தான் பலகைக்கு உரியது.

இனி அகலம். கோணத்துக்கு முன் இதைச் சொல்வதற்குக் காரணம், இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கால்களை அகல வைக்க வைக்க, இடுப்பு விரல்களை வெளியே திருப்பச் சொல்லும். குறுக்கினால் அந்தத் தேவையும் குறையும். அகலமான நிலையை அப்படியே வைத்துக்கொண்டு கோணத்தை மட்டும் ஒடுக்கினால், பாதத்தின் வெளி விளிம்பில் எடை ஏறி, வலி உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு இடம் மாறும், தீராது.

அகலத்துக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. வெறுங்காலோடு நின்று, தரையிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை அளந்தால் வருவது தொடக்க அளவு. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 46 அல்லது 48 செ.மீ. அளவில் இருக்கும். பனிச்சறுக்குப் பலகைக்காரர்களிடமிருந்து வந்த கணக்கு இது. அலையில் தள்ளாடாமல் இருக்க, கைட் பலகையில் இதைவிடச் சில செ.மீ. கூடுதலாக வைப்பதுண்டு. அப்படிப் பார்த்தாலும் இந்த நண்பருக்கு 50 முதல் 53 செ.மீ. போதும், 58 அதிகம். 180 செ.மீ. ஆளுக்கு இயல்பாகப் பொருந்தும் அகலத்தில் ஓர் 165 செ.மீ. ஆள் நிற்கும்போது, இடுப்பைத் திருப்ப இடமே இல்லாமல் பின் முழங்கால் உள்ளே விழுவதில் வியப்பில்லை.

பலகையின் துளைகள் பெரும்பாலும் 2 முதல் 2.5 செ.மீ. இடைவெளியில் இருக்கும். இரு பக்கமும் ஒவ்வொரு துளை உள்ளே கொண்டுவந்தால் மொத்தத்தில் 4 அல்லது 5 செ.மீ. குறையும். இரு திசையிலும் ஓடும் பலகை என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் எடை நடுவில் விழாமல், ஒரு திசையில் முன்முனை அழுந்தும், மறு திசையில் பின்முனை அழுந்தும். குறுக்கிய அகலத்தில் முதல் ஒரு மணி நேரம் பலகை துள்ளுவது போலவும், அலைமேல் இறங்கும்போது கொஞ்சம் ஆடுவது போலவும் இருக்கும். அது உண்மையான இழப்புதான். உயரத் தாவி இறங்குபவர்கள் அகலமான நிலையை விரும்புவது அதனால்தான். முழங்கால் வலியோடு இருப்பவருக்கு அந்த நிலைத்தன்மையைவிட, இடுப்பு திரும்புவதற்கான இடமே முக்கியம். பழகிய பிறகு திருப்பங்களும் இலகுவாக வரும்.

புதிய அகலத்தில் பூட்டியதும் கடலுக்கு ஓட வேண்டாம். பலகையின் அடியில் உள்ள சிறு துடுப்புகளை (ஃபின்) கழற்றிவிட்டு, அதைத் துண்டின் மேல் வைத்து, ஸ்டிராப்பில் காலை நுழைத்து, இருக்கையில் உட்காரப் போவது போல முழங்காலை மடக்குங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றை, உடன் இருப்பவர் உங்கள் முழங்கால் சில்லின் நடுவில் நூலைப் பிடித்துத் தொங்கவிடட்டும். குண்டு இரண்டாவது விரலுக்கு நேராகவோ, அதற்கும் சின்ன விரலுக்கும் இடையிலோ நின்றால் சரி. பெருவிரலைத் தாண்டி உள்ளே விழுந்தால் அகலமோ கோணமோ இன்னும் கூடுதலாக இருக்கிறது. பிறகு, காற்றை எதிர்த்து ஏறும்போது எவ்வளவு திரும்புவீர்களோ அவ்வளவு இடுப்பை இடப்பக்கம் திருப்பி, வலக்காலுக்கு மீண்டும் நூல் பிடியுங்கள். வலப்பக்கம் திருப்பி இடக்காலுக்குப் பிடியுங்கள். நேராக நிற்கும்போது எல்லாப் பூட்டும் சரியாகத்தான் தெரியும். குற்றம் வெளிப்படுவது இந்தத் திருப்பத்தில். ஆளில்லை என்றால் கைப்பேசியை முன்னால் நிறுத்திக் காணொளி எடுத்துப் பார்க்கலாம். ஆனாலும் நூல் காட்டும் துல்லியம் அதில் வராது.

கோணத்துக்கு வருவோம். இரு திசையிலும் ஓடும் பலகையில் 9 முதல் 12 டிகிரி வரை பெரும்பாலானோருக்குப் பொருந்தும் தொடக்கம். 18 என்பது இடுப்பு இயல்பாகவே நன்றாக விரியும் உடல்வாகு உள்ளவர்களுக்கு உரியது. நண்பர் அகலத்தைக் குறைத்து இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்து, வலி பாதிக்கு வந்திருந்தால், வலப்பக்கத்தை மட்டும் 15 ஆக்கிப் பார்க்கட்டும், பிறகு 12. இடப்பக்கம் வலியில்லாத பக்கம், அதை 15-க்குக் கீழே கொண்டுவர அவசரமில்லை. இரு பேட்களும் வெவ்வேறு கோணத்தில் இருப்பது பார்க்க ஒழுங்கில்லாமல் தெரியலாம். இரு கால்களும் ஒன்றுபோல் இல்லாதவருக்கு அதுதான் ஒழுங்கு. ஒரே நாளில் அகலம், கோணம், ஸ்டிராப் மூன்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போகும். பழைய நிலையைப் பேட்டின் ஓரத்தில் அழியாத மையால் குறித்துவிட்டு, ஒரு முறைக்கு ஒரு மாற்றம், அதுவும் 3 டிகிரிக்கு மேல் போகாமல் செய்யுங்கள்.

பேட்டைக் குதிகால் விளிம்புப் பக்கமோ விரல் விளிம்புப் பக்கமோ நகர்த்தவும் பல பலகைகளில் துளை உண்டு. குதிகால் விளிம்பிலிருந்து பேட் தள்ளி இருந்தால் விளிம்பை அழுத்துவதற்கு அதிக பலம் வேண்டியிருக்கும், அந்தப் பலம் பின் முழங்கால் வழியாகவே போகும். பாதம் சிறியவர்கள் குதிகால் பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். சில பேட்கள் வெளிப்புறம் சற்று உயர்ந்து உள்ளே சரிந்திருக்கும். முழங்காலை உள்ளே சாயவிடாமல் அகலமாக நிற்பவருக்கு அது கணுக்காலை நேராக்கும். பலகையின் முனைகள் வளைந்து மேலெழுவதே ஓரளவு இந்தச் சரிவைத் தந்துவிடுவதால், அகலத்தைக் குறைத்தவருக்கு அதற்கெனத் தனிப் பேட் வாங்கும் செலவு வீண்.

வலி வேறு இடத்தில் உள்ளவர்களும் இதைப் படிக்கக்கூடும். சில்லின் அடியில் முன்பக்கம் வலிப்பது பெரும்பாலும் கோணத்தால் அல்ல. பின்காலில் நெடுநேரம் உட்கார்ந்தபடியே ஓட்டுவதால். கைட் காற்றுக்குப் பெரிதாக இருந்தால், அல்லது கைட்டைப் பிடித்து ஓட்டும் கம்பியான பாரை உள்ளே இழுத்தே வைத்திருந்தால், இழுப்பைத் தடுக்க வேறு வழியின்றிப் பின்காலில் குந்த வேண்டியிருக்கும். கைட்டின் பலத்தை, அதன் கயிறுகளைச் சரிசெய்யும் டிரிம் பட்டையால் குறைத்து, அப்படியும் போதாவிட்டால் சிறிய கைட்டை ஏற்றுவதுதான் அதற்கு மருந்து. முழங்காலின் பின்புறம் வலித்தால், முன்காலைப் பூட்டுப் போட்டது போல நீட்டி வைத்து ஒவ்வொரு அலையடியையும் மூட்டிலேயே வாங்கிக்கொள்கிறீர்கள் என்று பொருள். சற்றே தளர்த்தி மடக்கினால் தொடைத் தசை அந்த அடியை ஏற்கும்.

அலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராமேசுவரம் பக்கத்துத் தட்டையான நீரில் மணிக்கணக்கில் வலியின்றி ஓட்டிய அதே பலகை, அதே பூட்டு, இங்கே ஒரு மணி நேரத்தில் முழங்காலை நோகவைத்துவிடும். நம் கரையில் மாலைக் காற்று எழுப்பும் அலைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் வரும். கருங்கல் தடுப்பு போட்ட இடங்களில், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் துறைமுகத் தடுப்புகளின் அருகிலும், சுவரில் மோதித் திரும்பும் அலை வரும் அலையோடு கலந்து நீர் குழம்பிக் கிடக்கும். அங்கே ஓட்டுவது எந்த வகையிலும் ஆபத்து. புதிய பூட்டைச் சோதிப்பதற்கு அது இடமே இல்லை. சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தில் நீர் தட்டையாக இருக்கிறதே என்று நினைக்கலாம், ஆனால் சுற்றுலாப் படகுகள் ஓடும் இடம் அது. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ, மீனவர்களின் ஃபைபர் படகுகள் ஏறி இறங்கும் இடத்தைவிட்டுத் தள்ளி, காற்று மிதமாக உள்ள நாளில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதே போதுமான சோதனை. விறைப்பான கார்பன் பலகை அலையின் அடியை அப்படியே காலுக்கு அனுப்பும். மரக்கட்டை உட்கொண்ட, சற்று வளைந்துகொடுக்கும் பலகை அதில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். நண்பரின் பலகை எந்த வகை என்று சொல்லவில்லை. அடுத்த பலகை வாங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஸ்டிராப். அது ஹவாய்ச் செருப்பின் வாரைப் போலத் தளர்ந்திருந்தால், பாதத்தைப் பிடித்துக்கொள்ள விரல்கள் மடங்கி இறுகும், குதிகால் குழிக்குள் சுழலும். நீங்கள் அளந்து பூட்டிய 12 டிகிரி அந்தக் கணமே பொருளற்றதாகிவிடும். காலை நுழைத்தால் விரல்நுனிகள் முன்னே தெரிய வேண்டும், பாதத்தின் மேற்பகுதி முழுவதும் ஸ்டிராப் படிய வேண்டும், ஆனால் வலுவாக உதறினால் கழன்று வர வேண்டும். இரு பக்கமும் ஒரே இறுக்கத்தில் இருப்பது அவசியம். விழும்போது ஒரு கால் கழன்று, மறு கால் மாட்டிக்கொண்டால், பலகை முழுவதும் ஒரு நெம்புகோலாகி அந்த ஒற்றை முழங்காலைத் திருகும்.

பூட்ஸ் வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். அது பாதத்தைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துவிடுவதால், கணுக்கால் ஏற்றுக்கொண்டிருந்த சிறு திருகலும் முழங்காலுக்கே போகும். விழும்போது எளிதில் கழலாது. அகலமும் கோணமும் சரியாக அமைந்து, பல மாதம் வலியின்றி ஓட்டியவர் தாவி இறங்கும் வித்தைகளுக்காகப் போடுவது அது. தவறான கோணத்தில் பூட்ஸைப் பூட்டினால், பேட்டுக்குள் நழுவித் தப்பிக்கும் வாய்ப்பைக்கூடக் காலுக்கு நாம் விட்டுவைப்பதில்லை.

பூட்டும் வேலையில் இரண்டு எச்சரிக்கைகள். பெரும்பாலான பலகைகளில் 6 மி.மீ. துருப்பிடிக்காத திருகாணிகள்தான். தலைக்குப் பொருந்தும் பெரிய ஸ்டார் திருப்புளி இல்லாமல் சிறியதைக் கொண்டு திருகினால், உப்பில் இறுகிய திருகாணியின் தலை வழுகிவிடும். பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். மாற்றுத் திருகாணி வாங்க நேர்ந்தால் நீளத்தைப் பழையதோடு வைத்துப் பாருங்கள். நீளமானது துளையின் அடியை முட்டிப் பலகையின் அடிப்பரப்பைப் புடைக்கச் செய்யும். குட்டையானது ஓரிரு புரிகளில் மட்டும் பிடித்து, ஓர் அலையடியில் புரியோடு பிய்ந்து வந்துவிடும். வாஷரில் பல் இருந்தால், பல் உள்ள பக்கம் பேட்டின் பல்லோடு பொருந்தும்படி வைத்து முடுக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் எவ்வளவு முடுக்கினாலும் பேட் ஓட்டத்தின் நடுவில் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு கரைக்கு வந்து, நான்கு திருகாணிகளையும் மறுபடி ஒரு முறை முடுக்கிவிட்டுத் தொடருங்கள்.